பதினேழாவது குழியில் மூடுபனி

செங்கா அப்பாவின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்து அவரை ஜன்னல் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தபோது, தொலைக்காட்சியில் எல்லோரும் நடப்பதை நிறுத்திவிட்டார்கள். அவள் மணிக்கட்டு அவருடைய விலாவில் இடித்தது. அப்பா டூகல் பெட்ரி பல்லைக் கடித்தார்.

“சாரிப்பா.”

மூச்சு திரும்பி வரச் சற்று நேரமானது.

“ஒரே பந்துதான் பொண்ணே. சாரி வேண்டாம்.”

இந்த வாரம் முழுக்க இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். தலையணையை மாற்றும்போது, உதட்டைப் பஞ்சால் நனைக்கும்போது, விரிப்பை இழுக்கும்போது. இருவர் சேர்ந்து ஒரே பந்தை மாறி மாறி அடிக்கும் கோல்ஃப் ஆட்டத்தில் கூட்டாளியிடம் மன்னிப்புக் கேட்பதில்லை என்பது அவர்கள் ஊரான கார்னூஸ்டியில் எல்லோருக்கும் தெரிந்த மரியாதை. டூகல் அதற்கு மேலும் ஒன்று கண்டுபிடித்து வைத்திருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் கோப்பை ஆட்டங்களில் அவர் யாருடைய தரவரிசையையும் பார்ப்பதில்லை. ஒருவன் பந்தைப் புதருக்குள் அடித்துவிட்டால் மற்றவன் எப்படி நடக்கிறான் என்று பார்ப்பார். வாய் அசைகிறதா, சாரி சொல்கிறானா என்று பார்ப்பார். சொல்கிற ஜோடிக்கு எதிராகப் பந்தயப் பணம் கட்டுவார். சொன்னவன் அடுத்த அடியைத் தனக்காக அடிப்பான், ஜோடிக்காக அடிக்கமாட்டான் என்பது அவர் கணக்கு.

இதற்காகவே அந்த வீட்டில் தொலைக்காட்சிக்கு எப்போதும் சத்தம் கிடையாது. வர்ணனை செய்கிறவர்கள் கண்ணைக் கெடுத்துவிடுவார்கள் என்பார். செங்காவின் சிறுவயது முழுவதும் சத்தமில்லாத புல்வெளிகள் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா வீட்டைவிட்டுப் போன பிறகும் ஓடின. அவரும் அவளும் ஒரே சோபாவின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருப்பார்கள். அவள் பாடம் படிப்பாள், பிற்பாடு துணி மடிப்பாள். அவர் ஆட்டக்காரர்களின் கால்களைப் பார்ப்பார்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிந்தன. அதனால் அவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

“என்ன ஆச்சு? ஏன் பேச மாட்டேங்கற?”

“நின்னுட்டாங்கப்பா. மூடுபனி. குழியில நட்ட கொடி மட்டும்தான் தெரியுது.”

“அயர்லாந்துக்காரன் கடலோரத்துல இடம் கொடுத்தா வேற என்ன வரும்.” கண்ணை மூடிக்கொண்டார். “எதுல நிக்குது?”

“பதினாறு குழி முடிஞ்சுது. நம்மாளுங்க ஒண்ணு முன்னால.”

“பதினேழுல?”

“பந்து குழிகிட்ட கிடக்குப்பா. நாலு எட்டு தூரம் இருக்கும். அமெரிக்காக்காரங்க ரொம்பப் பின்னால இருக்காங்க. இது உள்ள போயிட்டா ஆட்டம் முடிஞ்சுது.”

அவர் தலையை அசைத்தார். பிறகு, “இதத் தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்,” என்றார், மீன் லாரியை எடுத்துக்கொண்டு அபர்டீன் கிளம்பும் காலங்களில் சொன்ன அதே குரலில்.

கதவைத் தட்டாமல் சாண்டி விஷார்ட் உள்ளே வந்தார். கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பை. கறி வைத்துச் சுட்ட பிரைடியின் வாசனை அறையில் நிறைந்தது. பந்தயக் கடையில் டூகலுக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது.

“கிழவன் இன்னும் இருக்கானா?”

“காது இருக்குடா நாயே,” என்றார் டூகல்.

“கடையில உன் பேச்சுத்தான். அந்த ஸ்வீடன்காரன், ஸ்பெயின்காரன் ஜோடிக்குப் பணம் கட்டினவன் ஊர்லயே நீ ஒருத்தன்தான். கவுண்டர்ல இருக்கிற பொண்ணு கேக்குறா, அவருக்கு மருந்து அதிகமாயிடுச்சான்னு.”

டூகல் சிரிக்கப் பார்த்தார். அது இருமலாகி, இருமல் நீண்டு, செங்கா அவர் முதுகைத் தாங்கிப் பிடித்தாள். சாண்டி பையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார்.

“லிண்ட்க்விஸ்ட்,” என்றார் டூகல், அடங்கியதும். “அந்த ஸ்வீடன்காரன் நடையப் பாருடா. ஸ்பெயின்காரன் அரியெட்டா பந்த மணல்ல போட்டாலும் அதே நடை. லிண்ட்க்விஸ்ட் மாதிரி ஒருத்தன் கூட இருந்தா...” முடிக்கவில்லை.

சமையலறையில் சாண்டி கெட்டிலில் தண்ணீர் பிடித்தார். செங்கா கோப்பைகளை எடுத்து வைத்தாள்.

“நர்ஸ் என்ன சொன்னா?”

“இன்னிக்கோ நாளைக்கோன்னு. மூச்சுக்கு நடுவுல இடைவெளி வந்தா போன் பண்ணச் சொன்னா ரோனா.” அவள் கரண்டியைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். “மாமா, ஆட்டம் எப்ப ஆரம்பிக்கும்?”

“மூடுபனிகிட்டதான் கேக்கணும்.”

“நாம ஏதாவது சொல்லிட்டா என்ன? ஜெயிச்சுட்டாங்கன்னு.”

சாண்டி திரும்பிப் பார்த்தார். “உங்கப்பன்கிட்டயா? ஒரு தடவ நாங்க கடையில விளையாட்டுக்குப் பண்ணினோம். இவன் கழிப்பறைக்குப் போயிருந்தான். வந்ததும், டேய் உன் ஜோடி தோத்துடுச்சுன்னோம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். கடைசி அடி யாரு அடிச்சதுன்னு. நான் ஒரு பேரச் சொன்னேன். அவன் முறையே இல்லியேடா அதுன்னுட்டு உக்காந்து பேப்பர் படிக்க ஆரம்பிச்சுட்டான்.” கெட்டில் இரைந்தது. “வேண்டாம்மா. அவன்கிட்ட ஆகாது.”

உள்ளே போனபோது அப்பாவின் வாய் திறந்திருந்தது. மார்பு ஏறி, இறங்கி, நின்றது. செங்கா வாசலிலேயே நின்றாள். வெகு நேரம் கழித்து அது மறுபடி ஏறியது.

அவள் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையை எடுத்துக்கொண்டாள். கை குளிர்ந்திருந்தது. திரையில் வெள்ளைப் பனியும் ஒரு கொடியும். மழைக்கோட்டுப் போட்ட ஒருவர் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக் கடல் பக்கம் பார்த்தார். யாராலும் எதுவும் செய்ய முடியாது என்பது அவர் நிற்கும் விதத்திலேயே தெரிந்தது. கிளம்பு, விலகு, கொஞ்சம் நகரு என்று அவள் பனியிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அடிச்சாங்களா?”

குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது. அவள் திரையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மறுபடியும் அந்த இடைவெளி. அது முன்பைவிட நீளமாக இருந்தது.

“அடிச்சாச்சுப்பா.”

அவர் கண்கள் திறந்தன. அவள் முகம் இருக்கும் திசைக்கு வந்து நின்றன.

“யாரு?”

வாரம் முழுக்க அவர் ஆசையாகச் சொல்லிவந்த பெயர்தான் அவள் வாயில் இருந்தது.

“லிண்ட்க்விஸ்ட்டுப்பா. மெல்ல ஒரு தட்டு. நேரா உள்ள போயிடுச்சு. ஜெயிச்சாச்சு.”

சமையலறையில் சாண்டி கோப்பைகளைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. ரயில் ஒன்று வீட்டுக்குப் பின்னால் போய் முடிந்தது. அந்தக் கண்கள் அவள் மேலிருந்து நகரவில்லை. அவளால் அவற்றைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

“நீ பாத்தியா?”

“பாத்தேன்பா.”

“அரியெட்டா என்ன பண்ணினான்?”

“சும்மா நின்னான். பக்கத்துல.”

“ம்.” உதடு லேசாக இழுத்துக்கொண்டது. “நல்லது. பக்கத்துல நின்னா போதும்.”

“அப்பா, சா...”

அவள் கைக்குள் இருந்த அவருடைய சுட்டுவிரல் எழுந்தது. அவ்வளவுதான், ஒரு விரல். அவள் நிறுத்திக்கொண்டாள். விரல் மறுபடி படுத்துக்கொண்டது.

சாண்டி தட்டோடு வந்து, மேசையில் இடமில்லாமல் அதைத் தரையில் வைத்துவிட்டு, சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பாவின் மார்பு ஏறியது, இறங்கியது. செங்கா காத்திருந்தாள். சாண்டி தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்ட பிறகுதான் அவள் காத்திருப்பதை நிறுத்தினாள்.

சாண்டி எழுந்து ஜன்னலைத் திறந்தார். செத்தவர் வீட்டில், உயிர் வெளியே போக வழிவிடுவதற்காக, அதைச் செய்ய யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈரக் காற்று வந்தது. செங்கா ரோனாவுக்குப் போன் பண்ணினாள். “ஆமா. இப்பத்தான். இல்ல, தனியா இல்ல.” ரோனா உடனே கிளம்புவதாகச் சொன்னாள். பிறகு செங்கா பஞ்சுக் குச்சியை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, அப்பாவின் உதட்டருகே கொண்டுபோய், அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். சாண்டி அதை மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கிக் கிளாஸில் போட்டார்.

“டீ ஆறுது, குடிம்மா.”

“ம்.”

கோப்பையைக் கையில் எடுத்தாள், குடிக்கவில்லை. திரையில் பச்சை தெரிந்தது. முதலில் ஒரு ஓரத்தில், பிறகு கொடியைச் சுற்றி, பிறகு கூட்டம் முழுவதும். ஆட்கள் போர்வைகளை மடித்தார்கள். கருந்தாடி வைத்த குள்ளமானவன் ஒருவன் மட்டையோடு வந்து, பந்தை அதன் இடத்தில் வைத்து, குனிந்து குழியைப் பார்த்தான்.

“மாமா, இது யாரு?”

“அரியெட்டா.”

“லிண்ட்க்விஸ்ட் இல்லியா?”

“அதெப்படி? பந்த இங்க கொண்டுவந்து போட்டதே லிண்ட்க்விஸ்ட்தானே. அடுத்தது அரியெட்டாதான் அடிக்கணும். ஒவ்வொரு முறையையும் உங்கப்பன் விரல் விட்டு எண்ணிட்டே இருப்பான்.” சாண்டி மூக்கைத் துடைத்துக்கொண்டார். “இவன் தெரிஞ்சுக்காமலே போயிட்டானே, பாவி.”

செங்கா கோப்பையைக் கீழே வைத்தாள். கொஞ்சம் டீ சிந்தி விரிப்பில் பரவியது. அவள் துடைக்கவில்லை. கட்டிலைப் பார்த்தாள். அந்தக் கை விரிப்பின் மேல் அவள் விட்ட இடத்திலேயே இருந்தது, சுட்டுவிரல் மற்ற விரல்களைவிடச் சற்றே நீட்டியபடி.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல.”

சாண்டி அவளையே பார்த்திருந்துவிட்டு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், சத்தம் வைப்பதற்காக ரிமோட்டைத் தேடினார்.

“வேண்டாம் மாமா. அவருக்குப் பிடிக்காது.”

அரியெட்டா அடித்தான். பந்து மெதுவாக உருண்டு, குழியின் விளிம்பைத் தொட்டு, சுற்றிக்கொண்டு அப்பால் போய் ஒரு கை நீளத்தில் நின்றது. கூட்டத்தில் எல்லா வாய்களும் திறந்தன. அரியெட்டா வாயைத் திறக்கவில்லை. மட்டையைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கினான். லிண்ட்க்விஸ்ட் அவனைப் பார்க்காமல், அதே நடையில், பந்து கிடந்த இடத்துக்குப் போனான்.

செங்கா தன் நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, லிண்ட்க்விஸ்ட்டின் கால்களைப் பார்த்தாள்.