சருகுப் புகை

காலையில் பல்கலைக்கழகத்தின் பெரிய கதவு திறக்கும்போது உள்ளே தரையில் ஒரு சருகுகூடக் கிடக்கக் கூடாது. அது சுருளிராஜன் வைத்திருந்த சட்டம். வளாகப் பராமரிப்பு அவர் பொறுப்பு. மேற்கே மலையடிவாரம் வரை நீண்டு கிடந்த அந்த வளாகத்தில் வாகையும் புங்கையும் தூங்குமூஞ்சி மரமும் கணக்கில்லாமல் நின்றன. மாசி பிறந்துவிட்டால் அவை பாட்டுக்கு உதிர்க்கும். பெண்கள் ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போக, கூட்டிய இடத்திலேயே காற்று கொண்டுவந்து போடும்.

"சூப்பர்வைசரு வாராக. ஏ வாகை, எலையெல்லாம் கெட்டியாப் பிடிச்சுக்க" என்று கூட்டுகிற மொக்கம்மாள் மரத்தைப் பார்த்துச் சொன்னாள். மற்ற பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். சுருளிராஜனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் குனிந்து, அவள் விட்டுப்போன சருகைத் தானே பொறுக்கிக் கூடையில் போட்டார்.

அவர் கெங்குவார்பட்டிக்காரர். கதிரடிக்கிற களத்தில் வளர்ந்தவர். களத்தில் தூசி கிடந்தால் அது நெல்லோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிடும் என்று சாணம் மெழுகித் துடைத்துக் கூட்டுகிற குடும்பம். அந்தக் களத்தையே அவர் வளாகம் முழுக்க விரித்துப் பார்த்தார். இங்கே யாரும் நெல் காயப்போடுவதில்லை என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. வந்துபோகிறவர்கள் தரையைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லுவார்கள். பதிவாளர் முத்துலட்சுமி அம்மா அவரைக் கைகாட்டி, இவர்தான் என்பார். அன்றைக்குச் சுருளிராஜனுக்குச் சோறு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும்.

கூட்டிய சருகெல்லாம் நூலகத்துக்குப் பின்னால் ஒரு குழியில் எரிந்தது. அந்த இடத்தைத் தேர்ந்தவரும் அவர்தான். வாசலிலிருந்து பார்த்தால் தெரியாது. பதிவாளர் அறையிலிருந்து பார்த்தாலும் தெரியாது.

அந்த நூலகத்தில்தான் அவர் மனைவி அனுசுயா வேலை பார்த்தாள். புத்தகம் கொடுத்து வாங்குகிற மேசை அவளுடையது. இருவருக்குள்ளும் பேச்சு குறைவு. மாலையில் வேலை முடிந்ததும் பணியாளர் குடியிருப்பின் வாசலில் நாற்காலி போட்டு, மலை கறுக்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். எதுவும் பேசாமல் எழுந்து உள்ளே போவார்கள். அந்தப் பேசாமை இருவருக்கும் பிடித்திருந்தது. போன வருடம் தொடங்கி அதற்குள் ஓர் இருமல் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆடாதோடை இலையைக் கொதிக்கவைத்துக் கொடுத்தார். சுக்கு தட்டிப் போட்டுக் கொடுத்தார். அவள் படுக்க முடியாமல் எழுந்து உட்காரும்போதெல்லாம் அவரும் எழுந்து, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில் வண்டியில் ஏற்றித் தேனிக்கு, நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனார். வீட்டில் விறகு அடுப்பா, யாராவது சிகரெட் குடிப்பார்களா, பக்கத்தில் செங்கல் சூளை ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். சுருளிராஜன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "பொகைன்னு ஒண்ணு எங்க பக்கமே கெடையாது டாக்டர். நான் பீடியக்கூடத் தொட்டதில்ல." அனுசுயா சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடையில் தங்கை வீட்டு விசேஷத்துக்கு அவள் பண்ணைப்புரம் போய்த் தங்கினாள். போனில் பேசும்போது இருமல் கேட்கவே இல்லை. ஊர்த் தண்ணி, அதான் என்று மகிழ்ந்தார். திரும்பி வந்து வேலைக்குப் போகத் தொடங்கியதும் மறுபடியும் பிடித்துக்கொண்டது. யோசித்து யோசித்து, நூலகத்துப் புத்தகத் தூசிதான் காரணம் என்று முடிவுக்கு வந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பசுமை வளாகச் சான்றுக்கான மதிப்பீட்டுக் குழு வருவதாகச் செய்தி வந்தது. ஒரு குறையும் இருக்கக் கூடாது, சுருளிராஜனை நம்பித்தான் இருக்கிறேன் என்று பதிவாளர் கூப்பிட்டுச் சொன்னார். கூட்டுவது இரண்டு மடங்கானது. எரிப்பதும் இரண்டு மடங்கானது. குழு வருவதற்கு முந்தின நாள் அனுசுயா குளித்துவிட்டு வந்தவள், இருமி இருமி நிற்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளை லீவு போடச் சொல்லிவிட்டு, ஒரு பழைய துணியை எடுத்துக்கொண்டு அவர் நேரே நூலகத்துக்குப் போனார். தூசியை இன்றோடு ஒழித்துவிடுவது என்று கிளம்பினார்.

அவளுடைய மேசையைத் துடைத்தார். அலமாரியைத் துடைத்தார். காற்றோட்டம் வரட்டும் என்று மேற்குச் சன்னலைத் திறக்கப்போனபோது, கண்ணாடிக் கதவின் இடுக்கில் ஒரு துணி செருகியிருந்தது. எடுத்துப் பார்த்தார். அவருடைய பழைய வேட்டியின் கரை. நனைத்துக் காய்ந்து விறைத்திருந்தது.

"சார், அந்தச் சன்னல் வேண்டாம்" என்றாள் ஷெரின். அனுசுயாவோடு வேலை பார்க்கிற, குமுளிப் பக்கத்துப் பெண்.

"தூசி வெளிய போகட்டும்மா."

"தூசி இல்ல சார். கொஞ்ச நேரம் உக்காருங்க. இப்ப வரும்."

அனுசுயாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். மலையிலிருந்து காலைக் காற்று இறங்கியது. அதோடு வந்தது. முதலில் சருகு எரிகிற மெல்லிய வாசம், சின்ன வயதில் அவருக்குப் பிடித்த வாசமாகத்தான் இருந்தது. பிறகு கண் கரித்தது. மேசை, அதன் மேல் கிடந்த புத்தகங்கள், எதிரே காலியாக இருந்த நாற்காலிகள் எல்லாம் மங்கின. தொண்டையில் ஏதோ பிடித்து இழுக்க, அவர் இருமினார். அந்த இருமலின் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

ஷெரின் சன்னலைச் சாத்தினாள். "பிள்ளைங்க யாரும் காலையில இந்தப் பக்கம் உக்கார மாட்டாங்க சார். அனுசுயா சேச்சிதான் தெனமும் துணிய நனைச்சு அடைப்பாங்க. நான் சார்கிட்ட சொல்றேன்னு எத்தனையோ தரம் கேட்டேன். விடல."

"ஏம்மா?"

அவள் தயங்கினாள். "தரையப் பாத்துக்கிட்டு நடக்குறப்ப சார் மொகத்துல ஒரு வெளிச்சம் இருக்குமாம். அது போயிரும்னு சொன்னாங்க."

சுருளிராஜன் அந்த வேட்டிக் கரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். பிறகு பின்பக்கப் படி வழியாக இறங்கிக் குழிக்குப் போனார். மொக்கம்மாள் நீளக் கம்பால் சருகைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணிரண்டும் செக்கச் செவேலென்று நீர் கோத்திருந்தன.

"ஒனக்குக் கண்ணு எரியலையா மொக்கம்மா?"

"நெருப்புக்கிட்ட நின்னா குளுருமாக்கும்? இம்புட்டு நாளாக் கேக்காம இன்னைக்கென்ன கேக்கீக?"

அவர் கம்பை வாங்கி ஓரமாக வைத்தார். பக்கத்துத் தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு மொண்டு தானே ஊற்றினார். தீ சீறி அணைந்தது. சூப்பர்வைசருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அனுசுயா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் சட்டையிலிருந்து வந்த வாடையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.  அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து, சத்தம் போட்டு, மூடி ஆடத் தொடங்கிய பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"ஒனக்குத் தெரிஞ்சிருக்கு."

"ம்."

"டாக்டரு கேட்டப்பயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"பொகையே இல்லைன்னு அம்புட்டு உறுதியாச் சொன்னீக. அங்கன ஒரு மூணாம் மனுசர் முன்னால ஒங்களப் போயி எப்பிடிப் பொய்யாக்குறது?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் மெதுவாக எழுந்து அடுப்பை அணைத்தாள்.

"நாளைக்குக் குழு வருது. எரிக்காமப் போட்டா சருகாக் கெடக்கும். ஒங்களத்தான் கேப்பாக" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே அவள் கவலைப்பட்டது அவருடைய பேருக்காக.

"கேக்கட்டும்" என்றார்.

பகல் முழுக்க அவரும் பெண்களோடு சேர்ந்து வேலை செய்தார். நடைபாதையை மட்டும் கூட்டினார்கள். மற்றச் சருகை மரத்தடிகளில் வட்டமாகப் பரப்பிவிட்டார்கள். எரிந்த குழியில் பச்சைத் தழையும் சருகும் மண்ணும் சாணக் கரைசலுமாக மாற்றி மாற்றிப் போட்டு மூடினார்கள். வயலில் தழையை மிதித்து உரமாக்குவது அவர் கால்கள் நன்றாக அறிந்த வேலை. களம் நினைவிருந்த தனக்கு வயல் மட்டும் எப்படி மறந்துபோனது என்று மிதிக்கும்போதெல்லாம் நினைத்தார்.

மறுநாள் காலையில் பதிவாளர் காரைவிட்டு இறங்கினார். மரத்தடியெல்லாம் பழுப்பாகக் கிடப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. குழு சின்னமனூரைத் தாண்டிவிட்டது, இன்றைக்குப் போய் இப்படியா, ஆட்களை விட்டுச் சீக்கிரம் அள்ளி எரித்துவிடுங்கள் என்றார். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் சுருளிராஜனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பதிவாளர் சொல்லி அவர் எதையும் மறுத்ததில்லை. இன்று இடம் விட்டு நகரவில்லை.

"எரிக்க மாட்டேம்மா."

அனுசுயாவைப் பற்றிச் சொன்னார். மூடிக் கிடக்கிற சன்னலைப் பற்றி, பிள்ளைகள் உட்காராத நாற்காலிகளைப் பற்றிச் சொன்னார். பதிவாளர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் குரலைத் தாழ்த்தி, எல்லாம் சரிதான், ஆனால் வருகிறவர்கள் இதைக் குப்பை என்றுதானே சொல்லுவார்கள், இத்தனை நாள் எடுத்த பேர் என்னாவது என்றார்.

சுருளிராஜன் தரையைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"பேரு போனாப் போகட்டும்மா. நான் இம்புட்டு நாளும் குப்பைய ஒழிக்கல, எடம் மாத்தித்தான் போட்டேன். தரையில சும்மா கெடந்தத அள்ளிட்டுப் போயி எம் பொஞ்சாதி நெஞ்சுக்குள்ள போட்டேன். மொக்கம்மா கண்ணுல போட்டேன். படிக்க வந்த பிள்ளைக மூச்சுல போட்டேன். நம்ம கண்ணுக்கு மறைச்சுட்டா ஒண்ணு இல்லாமப் போயிருதாம்மா? இன்னொருத்தர் மூச்சக் கெடுத்து வர்ற சுத்தம் சுத்தமே இல்ல. குழு கேட்டா நான் இதத்தான் சொல்லுவேன்."

 வாசலில் கார் ஒலி கேட்டது. அந்தப் பக்கம் இரண்டடி வைத்த பதிவாளர் நின்று திரும்பினார்.

"அனுசுயா இன்னைக்கு வந்திருக்காங்களா?"

"வந்திருக்கா அம்மா."

"அப்ப குழுவ மொதல்ல நூலகத்துக்கே கூட்டிட்டுப் போவோம். நீங்களும் கூட வாங்க. இத நீங்களே அவங்ககிட்டச் சொல்லுங்க."