இடமாக ஆறு சொடுக்கு

டாக்சி ஸ்டாண்டில் சகாதேவனின் அம்பாசடருக்குக் காசியம்மா கார் என்று பெயர். ஓட்டுவது சகாதேவன், ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் சகாதேவன். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பது மட்டும் அவன் பெண்டாட்டி காசியம்மாள். அவனுக்குத் தொப்பை. ஜாக்கி போட்டுத் தூக்கினாலும், அவன் அடியில் நுழைந்தால் அப்புறம் ஆளை விட்டுவிட்டு வண்டியைத்தான் வெளியே இழுக்க வேண்டும். ஸ்டாண்டில் இதைச் சொல்லிச் சிரிக்காத டிரைவர் கிடையாது. முதல் வருஷம் அவனுக்கு மானம் போயிற்று. பிறகு ஒரு நாள் அவர்கள் வண்டிகளில் உட்கார்ந்து செஞ்சி வரை போய்ப் பார்த்தான். போன மானம் இடுப்பு வலியோடு திரும்பி வந்தது.

சங்கதி வேறொன்றுமில்லை. எண்பதாம் வருஷம் மெட்ராஸ் புதுப்பேட்டையில், உடைத்துப் போட்ட வெளிநாட்டு வண்டிகளின் குவியலில் இருந்து நாலு ஷாக் வாங்கி வந்து மாட்டியிருந்தான். குலுக்கலை வாங்கி அடக்குகிற குழாய்கள்தான். ஆனால் இவை ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குமிழ் இருந்தது. திருப்பினால் டிக் டிக் என்று சொடுக்கும். ஒரு பக்கம் திருப்பினால் ஷாக் இறுகும், மறுபக்கம் திருப்பினால் இளகும். புதுப்பேட்டைக்காரர் இதை இங்கிலீஷில் விளக்கினார். காசியம்மாள் தன் கணக்கில் எடுத்துக்கொண்டாள்: வலமாகத் திருப்பினால் கெட்டி, இடமாகத் திருப்பினால் மெத்து. பிறந்ததிலிருந்து மலையை வலம் வருகிறவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

மலை சுற்றும்போது மலை வலக்கைப் பக்கமே இருக்க வேண்டும். எட்டு மைலும் வண்டி வலப்பக்கமே வளைந்துகொண்டு போகும், பாரம் முழுக்க இடப்பக்கம் சாயும். ஸ்டாண்டில் இத்தனை வருஷம் ஓட்டிய எவனுக்கும் இது உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது. மலை சுற்றக் கிளம்பினால் இடப்பக்க ஷாக்குகளுக்கு ரெண்டு சொடுக்கு ஜாஸ்தி வைப்பாள். திரும்பி வந்ததும் கம்மி பண்ணுவாள். அடி அண்ணாமலை வளைவில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினேன், மடியில் ஒரு பொட்டுகூடச் சிந்தவில்லை என்று ஊருக்குப் போய்ச் சொன்னவர்கள் உண்டு.

செவ்வாய்க்கிழமைதோறும் புடவைக்கு மேல் புருஷனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு அடியில் நுழைவாள். மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் வைத்துக் குமிழ்களில் அப்பிய சேற்றைக் கழுவி, கிரீஸ் வைத்து, சைக்கிள் ட்யூப் துண்டால் குல்லாய் கட்டிவிடுவாள். ஷாக்கின் தண்டில் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பாள். எண்ணெய் கசிந்திருந்தால், "இது அழுவுதுங்க" என்பாள். அவள் அப்படிச் சொன்னால் ஒரு மாசத்தில் அது தீர்ந்துபோகும். இதுவரை தப்பியதில்லை.

எண்பத்து மூன்றில் பின்பக்கத்து ரெண்டும் அழுதன. சகாதேவன் அதே ரகத்தில் வேறு ஜோடி தேடிக் கொண்டுவந்தான். பட்டறைக்காரர், இதுக்கு அடிப்பக்கம் கொஞ்சம் பருமன், தலைகீழாகப் போட்டால்தான் உட்காரும் என்று சொல்லிக் குமிழ் மேலே பார்க்கும்படி மாட்டிவிட்டார். நடுவாந்திரமாக வைத்தே கொடுத்ததாலும், மலை சுற்ற ஆள் வராததாலும், ரெண்டு வாரம் யாரும் அதைத் திருப்பவில்லை.

அப்போதுதான் கண்ணாயிரத்துக்குக் கண் போக ஆரம்பித்தது.

கண்ணாயிரம் தேரடித் தெருவில் வாட்ச் ரிப்பேர் செய்கிறவர். பெயரில்தான் ஆயிரம். சின்ன வயசில் அம்மை ஒரு கண்ணைக் கொண்டுபோய்விட, மிச்சம் இருந்த ஒரு கண்ணால்தான் ஊரில் உள்ள கடிகாரத்தையெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணின் ஓரத்தில் ஒரு கறுப்புத் திரை இறங்க ஆரம்பித்தது. உள்ளே இருக்கும் ஜவ்வு கழன்று வருகிறது என்றார் கண் டாக்டர். நடுப்பகுதியும் கழன்றால் பார்வை திரும்பாது, உடனே மெட்ராஸ் போக வேண்டும், மல்லாக்கப் படுத்தபடி போக வேண்டும், தலை குலுங்கவே கூடாது. திருவண்ணாமலையிலிருந்து திண்டிவனம் வரைக்கும் அன்றைக்கு இருந்த ரோட்டில் குலுங்காமல் போவதாம்! ஆனாலும் அவர் மனைவி சரசு நேராகக் காசியம்மாளிடம்தான் வந்து நின்றாள்.

விடிந்ததும் காசியம்மாள் அடியில் படுத்து நாலு ஷாக்கையும் இடமாக ஆறு சொடுக்கு இளக்கினாள். முன்பக்கக் குமிழ்களைக் கண்ணால் பார்த்துத் திருப்பினாள். பின்பக்கக் குமிழ் கண்ணுக்குத் தெரியவில்லை, கையை மேலே விட்டுத் தடவித்தான் திருப்பினாள். பின்சீட்டில் கண்ணாயிரம் சரசுவின் மடியில் தலை வைத்துப் படுத்தார். காசியம்மாள் முன்னால் ஏறிக்கொண்டாள்.

ஊர் எல்லை தாண்டியதுமே சகாதேவனுக்குத் தெரிந்துவிட்டது. முன்பக்கம் மிதக்கிறது, பின்பக்கம் உதைக்கிறது. எவ்வளவு மெதுவாகப் போனாலும் ஒவ்வொரு குழிக்கும் பின்சீட்டு தூக்கிப் போட்டது. சரசு ரெண்டு கையாலும் தலையை அழுத்திப் பிடித்திருந்தாள். கீழ்பென்னாத்தூர் நெருங்கும்போது கண்ணாயிரம் நிதானமாகச் சொன்னார்: "திரை இன்னும் கொஞ்சம் எறங்கிருச்சி சரசு."

"நிறுத்துங்க" என்றாள் காசியம்மாள்.

சகாதேவனுக்குக் கோபம் தலைக்கேறியது. "இன்னா வச்ச நீ? பின்னாடி கட்ட வண்டி மாதிரி அடிக்குது!"

"ஆறு சொடுக்கு எடமாத்தாங்க திருப்பினேன். எண்ணித்தான் திருப்பினேன்." அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கத்தியதற்காக அவன் அந்த நிமிஷமே வெட்கப்பட்டான்.

"ஏம்மா காசி" என்றார் கண்ணாயிரம், தலையை அசைக்காமல். "அந்தக் குமிழு எந்தப் பக்கம் பாத்துக்கினு இருக்கு?"

"பின்னாடி ரெண்டும் இப்ப மேல பாத்துக்கினு இருக்குண்ணா. மின்ன கீழ பாக்கும்."

"நீ கீழ படுத்துக்கினு கைய மேல விட்டுத் திருப்பினியா?"

"ஆமாண்ணா."

"அப்ப நீ அதோட முதுகுல இருந்து திருப்பியிருக்க. நான் வாட்ச முதுகுப் பக்கந்தான தொறக்கறேன்? அங்கேந்து பாத்தா எல்லா முள்ளும் எடமாத்தான் ஓடும். உனக்கு எடம்னா, அதுக்கு வலம்மா."

காசியம்மாள் நெற்றியில் அறைந்துகொண்டாள். இளக்குவதாக நினைத்து ஆறு சொடுக்கு இறுக்கியிருக்கிறாள்! சட்டையைக்கூட மாட்டிக்கொள்ளாமல், சந்தைக்குப் போகிற ஜனம் நின்று வேடிக்கை பார்க்க, புடவையோடு புழுதியில் படுத்து உள்ளே போனாள். பின்பக்கக் குமிழ் ரெண்டுக்கும் இந்தத் தடவை வலமாகப் பன்னிரண்டு சொடுக்கு: இறுக்கியதைக் கழிக்க ஆறு, இளக்க ஆறு. சகாதேவன் வெளியே நின்று ஒவ்வொன்றையும் காதால் எண்ணினான். "இன்னாடா பாக்கறீங்க, நீங்க படுப்பீங்களா?" என்று ரெண்டு பேரை விரட்டவும் செய்தான். அதன் பிறகு மெட்ராஸ் போய்ச் சேரும் வரை பின்சீட்டிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

திரை நடுப்பகுதியின் விளிம்பு வரை வந்து நின்றிருக்கிறது என்றார் பெரிய டாக்டர். மறுநாள் ஆபரேஷன். ஊர் திரும்பியதும் காசியம்மாள் ஸ்பேனர் பையைத் தூக்கிப் பரணில் போட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை வண்டிக்கு அடியில் போகவும் இல்லை. "பட்டறைக்கு உடுங்க. என் கை சரியில்ல" என்றாள். சகாதேவன் கெஞ்சிப் பார்த்தான், திட்டிப் பார்த்தான். அவனுக்குத் தன் வண்டியே அந்நியமாகப் போயிற்று. அவளைக் கல்யாணம் பண்ணிப் பதினெட்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவளைப் புகழ்ந்து ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. இனிமேல் சொன்னால் ஆறுதல் என்றுதான் எடுத்துக்கொள்வாள்.

மூன்றாம் வாரம் சரசுவிடமிருந்து கார்டு வந்தது. கண் பிழைத்துவிட்டது. ஆனால் வீடு போய்ச் சேரும் வரை தலை குலுங்கக் கூடாதாம், குலுங்கினால் ஒட்டியது மறுபடி கழன்றுவிடுமாம். ஆஸ்பத்திரி வண்டி தருகிறோம் என்றார்கள், காசியம்மா கை வைக்காத வண்டியில் ஏற மாட்டேன் என்று இவர் அடம் பிடிக்கிறார், வியாழக்கிழமை வரவும். சகாதேவன் ரெண்டு தரம் படித்துக் காட்டினான். அவள் கார்டை வாங்கி, தனக்குப் படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலையில் ஸ்பேனர் பையோடு வந்து பின்சீட்டில் ஏறி மல்லாக்கப் படுத்தாள். கண்ணாயிரம் தலை வைத்த அதே இடத்தில் தலை வைத்தாள்.

"இன்னாடி இது?"

"நான் கண்ண மூடிக்கிறேன், நீங்க ஓட்டுங்க. எங்க குலுங்குதோ அங்க நிறுத்தச் சொல்றேன்."

கீழ்பென்னாத்தூர் போவதற்குள் நாலு தடவை நிறுத்தச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் இறங்கி அடியில் போய், ஒரு சொடுக்கு, அரை நிமிஷ யோசனை, இன்னொரு சொடுக்கு. செஞ்சிக்கு முன்னால் மூன்று தடவை. செஞ்சி தாண்டி இருந்த பாலத்தில் ஒரு தடவை. அதற்கப்புறம் ரோடு இன்னும் மோசமாயிற்று. சகாதேவன் இதோ சொல்லப்போகிறாள், இதோ சொல்லப்போகிறாள் என்று பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே போனான். சத்தத்தைக் காணோம்.

திண்டிவனம் ரயில்வே கேட்டில் நின்றபோது திரும்பிப் பார்த்தான். காசியம்மாள் வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

சகாதேவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கேட் திறந்ததும் பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். சகாதேவன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, சத்தம் போடாதே என்று அவனைக் கும்பிட்டுவிட்டு, மெல்லக் கிளட்சை விட்டான்.