கோட்டை முற்றத்தில் பெரட்டு

வேல்முருகன் சும்மா ஆள் இல்லை, ராஜா. பட்டாபிஷேகம் எப்போது நடந்தது என்று கேட்கக் கூடாது. வண்டிப்பெரியாரைத் தாண்டிக் குமுளி போகிற வழியில், தேயிலைச் சரிவைச் சமன்படுத்தி 'பனிமகுடம்' என்று ஒரு கேளிக்கைப் பூங்கா திறந்தார்கள். அதன் நடுவில் ரோஸ் நிறத்தில் கூம்பு கூம்பாக ஒரு கோட்டையைக் கட்டி, அதற்கு ராஜா வேண்டுமென்று ஆள் தேடியபோது, உயரத்தையும் மீசையையும் பார்த்து வேல்முருகனை எடுத்தார்கள். அன்றைக்கு ஏறிய கிரீடம். தலையில் கொஞ்சம்தான் ஏறியது, மனசில் நிறைய ஏறிவிட்டது.

தினமும் காலையில் ஒலிபெருக்கியில் கொம்பு முழங்கும். உப்பரிகைக் கதவு திறக்கும். வேல்முருகன் வெளியே வந்து மீசையை ஒரு தடவு தடவி, "என் நாட்டு மக்களே! குறை ஏதும் உண்டா?" என்பான். முற்றத்தில் நிற்கிற பிள்ளைகள் "ஐஸ்கிரீம்!" என்று கத்தும். "மந்திரி, கொடுத்துவிடு!" என்பான். மந்திரி என்று யாரும் கிடையாது, பக்கத்தில் ஐஸ்கிரீம் கடை உண்டு. வேலை முடிந்து பஸ் ஏறினால் கண்டக்டர்கூட, "ராஜாவே, கொஞ்சம் உள்ள தள்ளி நில்லு" என்பார். வேல்முருகனுக்குக் கோபமே வராது. தள்ளி நிற்கச் சொன்னால் என்ன, ராஜா என்று சொன்னாரே!

அந்தக் கோட்டைக்குத்தான் கண்டம் வந்தது. பெரிய முதலாளி ஓய்ந்து உட்கார்ந்து, மகன் ஜோபி பொறுப்பெடுத்ததும் பூங்கா காடாக மாறத் தொடங்கியது. மூங்கில் பாலம் வந்தது. மரவீடுகள் வந்தன. சிமெண்டில் யானைக் கூட்டம் ஒன்று வந்து நின்றது. எல்லாம் பச்சையும் மண்ணிறமுமாக இருக்க, கோட்டை மட்டும் இழவு வீட்டுக்குப் பட்டுச்சேலை கட்டி வந்தவள் மாதிரி நடுவில் நின்றது. மழைக் காலத்தில் அதன் சுவரெல்லாம் பாசி வேறு பிடித்துவிடும்.

ஒருநாள் ஜோபி அவனைக் கூப்பிட்டான்.

"வேல்முருகண்ணா, உள்ளதச் சொல்லுங்க. இந்தக் கோட்டை இப்ப இந்த இடத்துக்குச் சேருதா?"

"சேராம என்ன சார்? முதல்ல வந்தது கோட்டை. யானைதானே பின்னால வந்துச்சு, அதக் கேளுங்க."

ஜோபி சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை எர்ணாகுளத்திலிருந்து நிமி என்று ஒரு ஆர்க்கிடெக்ட் வருகிறாள். கோட்டை இந்த இடத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்லுவாள். பொருந்தாது என்று சொல்லிவிட்டால் இடித்துவிட்டு, அங்கே ஒரு குளம்.

"அப்ப நான்?"

"உங்கள விடுவேனா? காட்டுப்போத்து, அதாங்க காட்டெருமை, வேஷம் ஒண்ணு தைக்கச் சொல்லியாச்சு. உங்க உயரத்துக்குப் பிரமாதமா இருக்கும்."

வேல்முருகனுக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. "நாலு கால்ல நடக்கணுமா சார்?"

"சே, சே. ரெண்டு கால் போதும். தலைக்குள்ள ஃபேன்கூட வச்சிருக்கு."

சாயங்காலம், எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீட்டுக்குப் போன வேல்முருகன் சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் கொட்டித் தீர்த்தான். சுருளியம்மாள் எதிர்மேட்டு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவள். பூங்காவுக்குள் அவள் ஒரு தடவைகூடக் காலெடுத்து வைத்ததில்லை. அவளுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. விறகும் ரேஷனும் துணி துவைப்பதும் அன்றைக்குத்தான்.

"நீ தெனமும் எதுத்தாப்ல தேயிலக் காட்டுல நின்னு பாக்குறவ. சொல்லு, கோட்டை எப்படி இருக்கு?"

"அது பாட்டுக்கு நிக்குது."

"அழகா இருக்கா இல்லையா?"

"கொழுந்தப் பாப்பனா, ஒங்கோட்டையப் பாப்பனா? நிமிந்து நின்னா கங்காணி கத்துவாரு."

இவளிடம் கேட்டது தப்பு என்று நினைத்தாலும் வேல்முருகன் அசரவில்லை. தோற்றுப் பழக்கமில்லாத ராஜா. பூங்கா ஆட்களுக்குக் குடும்பப் பாஸ் உண்டு. தன்னுடையதையும் கூட வேலை செய்கிறவர்களுடையதையும் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிச் சேர்த்தான். ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆட்கள் அத்தனை பேரும் வரவேண்டும், ராஜா வெளியே வந்ததும் கை தட்ட வேண்டும். தட்டுகிற தட்டில் அந்த நிமி மேடம், இந்தக் கோட்டையைத் தொட்டால் கலவரம்தான் என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

"விறகு கெடக்கட்டும். வந்து தட்டுறேன்" என்றாள் சுருளியம்மாள். "அந்த மீசை காட்டெருமைத் தலைக்குள்ள போறத எப்படிப் பாக்குறது?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நிமியைப் பார்த்ததும் வேல்முருகனுக்குப் பாதி பயம் போய்விட்டது. பெரிய கண்ணாடியும் ஆங்கிலமுமாக வருவாள் என்று பார்த்தால், "வணக்கண்ணே, எங்கம்மாவும் ஏலத்தோட்டத்து ஆளுதான்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ஆனால் வேலையில் கறார். கோட்டையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். பாசியைச் சுரண்டிப் பார்த்தாள். எதிர்ச் சரிவையும் கோட்டையையும் மாறி மாறிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அந்தப் பிதுக்கலை மேலே ஜன்னல் வழியாகப் பார்த்த வேல்முருகன் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தான்.

"கலரும் சேரல, உருவமும் சேரல சார்" என்று அவள் ஜோபியிடம் சொன்னது காதில் விழுந்தது. "ஷோ ஒண்ணு இருக்குன்னீங்களே, அதையும் பாத்துட்டுச் சொல்லிர்றேன்."

இதற்குள் லயத்து ஆட்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். பாண்டி கங்காணி வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். கத்தரீனாள் அக்கா, பெரியமுத்து, ஏசுதாஸ் எல்லோரும் முகம் கழுவிப் பூச்சூடித் திருவிழாவுக்கு வந்த மாதிரி முற்றத்தில் கலைந்து நின்று யானைச் சிலைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சரி, படை வந்துவிட்டது. வேல்முருகன் கிரீடத்தை அழுத்தி வைத்துக்கொண்டான்.

கொம்பு முழங்கியது. பனியில் நனைந்து நனைந்து அந்த ஒலிபெருக்கி எப்போதோ கெட்டுப்போயிருந்தது. கொம்புச் சத்தம் கொம்புச் சத்தமாக வராது, எஸ்டேட்டில் காலையில் ஊதுகிற சங்கு மாதிரிதான் வரும். வேல்முருகன் கதவைத் தள்ளிக்கொண்டு உப்பரிகைக்கு வந்து இரண்டு கையையும் விரித்தான்.

கைதட்டல் வரவில்லை.

கீழே பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்த ஜனம் வரிசையில் நின்றது. பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை. குடைகள் கக்கத்துக்குப் போயிருந்தன. தலைத்துண்டுகள் கைக்கு வந்திருந்தன. பாண்டி கங்காணி எல்லோருக்கும் முன்னால் போய் நின்று ஆள் எண்ணிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லி நிற்கவில்லை. எஸ்டேட்டில் விடிந்ததும் பெரட்டு; சங்கு ஊதினால் களத்தில் வரிசையில் நிற்க வேண்டும், மேட்டில் நின்று ஒருத்தர் யாருக்கு எந்தக் காடு என்று வேலை பிரித்துச் சொல்லுவார், பிந்தி வந்தவர்களை வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். சங்கு ஊதியது, மேலே தொப்பி மாதிரி ஏதோ போட்டுக்கொண்டு ஒருத்தன் நிற்கிறான். காலுக்கு வேறென்ன வேண்டும்? அது பாட்டுக்குப் போய் நின்றுவிட்டது.

பூங்கா பார்க்க வந்த மற்றவர்கள், வரிசையைக் கண்டதும் ஏதோ கொடுக்கிறார்கள் என்று பின்னால் போய் ஒட்டிக்கொண்டார்கள். நம் ஜனத்துக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா?

வேல்முருகன் ஒரு கணம் திகைத்தான். வாய் மட்டும் பழக்கத்தில் திறந்துகொண்டது. "என் நாட்டு மக்களே! குறை ஏதும் உண்டா?"

பாண்டி கங்காணி ஓரடி முன்னால் வந்தார். "லயத்துக் கூரை ஒழுகுதுங்க" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது போலிருக்கிறது, அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

"மந்திரி! இன்றே கூரையை மாற்று!"

அவ்வளவுதான், முற்றம் அதிர்ந்தது. "கக்கூசுக்குக் கதவு இல்ல ராஜாவே" என்றாள் கத்தரீனாள் அக்கா. "தேக்கில் கதவு போடு!" என்றான் வேல்முருகன். "ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் வரமாட்டேங்குது" என்றான் ஏசுதாஸ். "யானையை அனுப்பு!" போன்கள் எல்லாம் உயர்ந்தன. பின்னால் நின்ற ஆட்கள் விசில் அடித்தார்கள். ஜோபி கையிலிருந்த காப்பியைக் குடிக்க மறந்து ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தான். வேல்முருகனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இனி எவன் இந்தக் கோட்டையை அசைப்பான்?

அடுத்து சுருளியம்மாள் வந்தாள்.

தலைத்துண்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, தோளைக் குறுக்கித் தரையைப் பார்த்து நின்றாள். வீட்டில் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவள். இப்படி அவள் நின்று வேல்முருகன் பார்த்ததே இல்லை. மேலே இருந்து பார்க்க அவள் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தாள்.

"பிந்திப்போச்சுங்க" என்றாள். "இன்னைக்கு மட்டும் மன்னிச்சிக்கங்க. திருப்பி அனுப்பிராதீங்க."

ஜனம் சிரித்தது. வேல்முருகனுக்குச் சிரிப்பு வரவில்லை. இவள் ஏன் பிந்துகிறாள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ராஜாவின் அங்கிக்குத் தினமும் விடியற்காலையில் பெட்டி போட்டுத் தருகிறவள் இவள்தான். மடிப்பு சரியில்லை என்று அவன் இரண்டாம் தடவை போடச் சொல்லுவான். அதை முடித்துவிட்டு ஓடிப்போய், யாரோ ஒருத்தன் முன்னால் இப்படி நின்றிருக்கிறாள். வேல்முருகனுக்கு வெட்கமாகிவிட்டது. கிரீடத்தைப் பிய்த்துத் தரையில் போட்டால் தேவலை என்றிருந்தது.

கீழே நிமி பேசுவது கேட்டது. அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"சேருதான்னு கேட்டீங்கல்ல சார்? நான் சொன்னது தப்பு. அச்சு அசலாச் சேருது. மேல பங்களா, கீழ ஆளுக. இந்த மலை பூரா இப்படித்தான் கட்டியிருக்கு. எங்கம்மாவும் இப்படி நின்னவதான்."

ஜோபிக்கு அந்தக் குத்தல் எட்டவே இல்லை. சந்தோஷத்தில் குதித்தான். "அப்ப கோட்டை நிக்கட்டும்! வேல்முருகண்ணா, ஜெயிச்சிட்டீங்க! தினமும் இதே ஷோ. லயத்து ஆளுங்களையே ஞாயித்துக்கிழமை தோறும் கூப்பிடலாம்."

கேட்டது கிடைத்துவிட்டது. இனி ஒரு கும்பிடு போட்டால் போதும், கோட்டையும் கிரீடமும் இவனுக்குத்தான். வேண்டாம் என்றால் போத்துத் தலையும் ஃபேனும். வேல்முருகன் சுருளியம்மாளைப் பார்த்தான். அவள் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷோ இன்னும் முடியல சார்!" என்று கத்திவிட்டுப் படியிறங்கினான்.

முற்றத்துக்கு வந்து சுருளியம்மாளின் முன்னால் நின்றான். "மேல போ."

"என்னய்யா, கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"போ தாயி. ஒனக்குப் புண்ணியமாப் போகும். எல்லாரையும் கூட்டிட்டுப் போ."

கத்தரீனாள் அக்காவுக்கு இந்த மாதிரி விஷயம் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. சுருளியம்மாளின் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே போனாள். பின்னாலேயே லயத்து வரிசை முழுக்கப் படியேறியது. பாண்டி கங்காணி மட்டும் எங்கே நிற்பது என்று தெரியாமல் கொஞ்சம் முழித்துவிட்டு அவரும் ஏறினார். உப்பரிகை நிறைந்தது.

பூங்கா பார்க்க வந்தவர்கள் ஓரத்துக்கு ஒதுங்க, முற்றத்து நடுவில் வேல்முருகன் மட்டும். கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தான். தோளைக் குறுக்கிக் கையைக் கட்டிக்கொண்டு, ஒலிபெருக்கிக்காரனைப் பார்த்துத் தலையசைத்தான். சங்கு ஊதியது.

சுருளியம்மாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். எதிரே அவள் கிள்ளுகிற காடு முழுக்கத் தெரிந்தது. கீழே ஊரே தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. முதலில் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். குரல் வந்ததே ஒரு குரல்!

"யார்றா அது, வேல்முருகனா?"

"ஆமாங்க."

"நாளையில இருந்து ஒன் அங்கிக்கு நீயே பொட்டி போடணும். தெரியுதா?"

"சரிங்க!"

"மடிப்பு கோணுச்சு, திருப்பி அனுப்பிருவேன்."

பெண்கள் பக்கமிருந்து எழுந்த கூச்சலில் சிமெண்டு யானையே மிரண்டிருக்கும். லயத்துக்காரர்கள் மட்டுமில்லை, சென்னையிலிருந்தும் கோழிக்கோட்டிலிருந்தும் வந்தவர்கள்கூட விசிலும் கைதட்டலுமாக, "எங்க வீட்டுக்காரரையும் கேளுங்கம்மா!" என்று தங்கள் ஆட்களை முன்னால் தள்ளத் தொடங்கினார்கள்.

ஜோபிக்குத் தலை சுற்றியது. "இப்ப என்ன சொல்றீங்க நிமி? இது சேருதா, சேரலையா?"

நிமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இப்பச் சேரல சார். துளிகூடச் சேரல. இந்த மலையில வேற எங்கயும் இப்படி ஒண்ணு கிடையாது. தயவு செஞ்சு இடிச்சிராதீங்க."

மேலே சுருளியம்மாளின் கண் கூட்டத்தைத் துழாவி ஓரத்தில் வந்து நின்றது.

"அங்க காப்பியோட தனியா நிக்கிறது யாரு? வரிசைக்கு வாங்க."

எல்லாப் போன்களும் ஜோபி பக்கம் திரும்பின. அவன் இப்படியும் அப்படியும் பார்த்தான். தப்பிக்க வழி இல்லை. காப்பியை நிமியின் கையில் கொடுத்துவிட்டு வந்து வேல்முருகனுக்குப் பக்கத்தில் நின்றான். வேல்முருகன் கொஞ்சம் தள்ளி இடம் கொடுத்தான்.

"இந்தக் கோட்டைய இடிக்கப் போறீங்களா?"

"இல்ல" என்றான் ஜோபி.

"கேக்கல" என்றாள் சுருளியம்மாள். "சத்தமாச் சொல்லுங்க."