ஆள் பாரம்

அந்தச் சனிக்கிழமை காலை இனோமாதாவின் டயர் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். கராசவா தொமியே; அவள் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து கராசவா என்ற பெயரையும் ஏற்றுக்கொண்ட யோஷிதகா; மலைப்பாதைக் கார் சங்கத்தில் காலமான அவள் கணவருக்கு அடுத்த இடத்தில் இருந்த சுகாதா; கடைக்கார இனோமாதா. மகள் சிஹாரு வரவில்லை. வரக்கூடாது என்று தொமியேதான் சொல்லியிருந்தாள். புருஷன் தலைகுனிவதை மனைவி பார்க்க வேண்டியதில்லை.

வண்டி நடுவில் நின்றது. இரண்டே இருக்கை, மடக்குக் கூரை, கரும்பச்சை. கதவில் சங்கத் தலைவரின் ஒன்றாம் எண். முந்தின நாள் சிஹாருவை ஏற்றிக்கொண்டு யோஷிதகா மலையேறிப் பார்த்தபோது, வளைவில் வலது பின்டயர் மட்கார்டின் விளிம்பில் உரசிக் கிழிந்தது. இழுவை லாரியின் முதுகில் ஏறி, கடைத்தெரு முழுக்க வேடிக்கை பார்க்க, அந்த ஒன்றாம் எண் இறங்கி வந்தது. முப்பது வருஷம் அவள் கணவர் ஓட்டிய வண்டி. ஒருநாளும் பிறர் முதுகில் ஏறாத வண்டி.

அதைக்கூடத் தொமியே விழுங்கியிருப்பாள். ஆனால் காலையில் துக்கம் விசாரிப்பதுபோல வந்த சுகாதா வாயை விட்டுவிட்டார்: "ஸ்பிரிங் தளர்ந்துபோச்சாமே அண்ணி? அண்ணன் கடைசிவரை அதை மாத்தவே இல்லைன்னு மாப்பிள்ளை எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காரே."

செத்தவர் எழுந்து வந்து இல்லையென்று சொல்ல முடியாது. அவர் மேல் பழி போட்டிருக்கிறான். மறுநாள் அவருடைய நினைவு நாள். சங்கமே வரிசையாக மலையேறும். இந்த வண்டி முன்னால் போகும்.

"இப்ப சொல்லு" என்றாள் தொமியே மாப்பிள்ளையிடம். "எதனால கிழிஞ்சுது?"

"பழைய ஸ்பிரிங்மா. வண்டி தாழ்ந்துபோச்சு. டயர் என்ன பண்ணும்?"

"பதினாலு அங்குலச் சக்கரம் இருந்த எடத்துல பதினேழு போட்டது யாரு?"

"நான்தான். ஆனா அளந்துதான் போட்டேன். நூல்குண்டு கட்டி இறக்கினேன். மட்கார்டும் ரிம்மும் ஒரே கோடு. ஒரு மில்லிமீட்டர் வெளிய வரல."

அந்தக் கோடுதான் சங்கத்து இளசுகளுக்கு அழகு. சக்கரம் உள்ளே ஒதுங்கி நின்றால் ஏழை வண்டி என்று சிரிப்பார்கள்.

"நூல் பிடிச்சப்போ சீட்டுல யாரு இருந்தா?"

அவன் புரியாமல் பார்த்தான். "யாரும் இல்லையே."

தொமியே கைப்பையை இனோமாதாவிடம் கொடுத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, இடது இருக்கையில் போய் உட்கார்ந்தாள். எத்தனை முறை உட்கார்ந்த இடம்! டயர் மாற்றும்போதெல்லாம் ஆள் பாரம் வேண்டும் என்று அவர் அவளை இங்கே உட்கார வைப்பார். வலது இருக்கையில் தன் எடைக்கு அரிசி மூட்டைகள். பிறகு மண்டியிட்டு மட்கார்டுக்கடியில் விரலை நுழைத்துப் பார்ப்பார். மடியில் பின்னல் வேலையோடு அவள் காத்திருப்பாள். வெற்று வண்டியை அளக்கிறவன் வெற்று வண்டியைத்தான் ஓட்ட வேண்டும் என்பார்.

"சுகாதா, அந்தப் பக்கம் ஏறு."

"எழுபது வயசுல என்னை அரிசி மூட்டையாக்கிட்டீங்களே, அண்ணி." முனகிக்கொண்டே ஏறினார். வண்டி அமுங்கியது.

"இந்தப் பக்கம் பின்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவுல விரலை வை. எத்தனை விரல் போகுது?"

யோஷிதகா குந்தி, விரலை அழுத்திப் பார்த்து, ஏதோ முணுமுணுத்தான்.

"சத்தமா."

"போகல."

"இது ஸ்பிரிங்காலயா, இனோமாதா?"

கடைக்காரர் பொதுவாக ஊர்ச்சண்டையில் வாய் திறக்காதவர். தரையைப் பார்த்தபடி சொன்னார்: "ஸ்பிரிங்கைப் போன வருஷம்தான் அண்ணி கொண்டுவந்து மாத்துனாங்க. இந்த டயர் பழசைவிட ஒரு விரல் உசரம். அகலமும் கூட. ஸ்பீடு மீட்டரே வேகத்தைக் குறைச்சுத்தான் காட்டும்."

"பழைய சக்கரத்தைக் கொண்டுவந்து மாட்டு."

யோஷிதகா எழுந்திருக்கவே இல்லை. "வித்துட்டேன்மா. குழந்தை வண்டி மாதிரி இருக்குன்னு எல்லாரும்..."

தொமியேயின் கை கதவை இறுகப் பற்றியது. அவர் ஒவ்வொரு கோடையிலும் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிய சக்கரங்கள்.

"பதினஞ்சு ஒரு செட் இருக்கு" என்றார் இனோமாதா அவசரமாக. "நூத்தித் தொண்ணூத்தஞ்சு மில்லி அகலம், பக்கச்சுவர் அதுல பாதி. மொத்த உசரம் அண்ணன் போட்டதுக்குச் சமம். பிரேக்கும் இடிக்காது. பார்க்க ஒண்ணும் பெருசா இருக்காது."

"அழகு பார்க்க வேண்டாம். மாட்டு." பிறகு யோஷிதகாவைப் பார்த்தாள். "நாளைக்கு மலை மேல எல்லாரும் இருப்பாங்க. ஸ்பிரிங் இல்ல, என் தப்புன்னு நீயே சொல்லணும்."

"அம்மா, அப்புறம் சங்கத்துல என் முகத்தை எப்படிக் காட்டுறது?"

"முகம் உன்னோடது. பேரு அவரோடது. எதைக் காப்பாத்தணும்னு நீயே முடிவு பண்ணிக்க."

பதினைந்து அங்குலச் சக்கரங்கள் ஏறின, சுமாரான கறுப்பு. இருவரும் மறுபடி உட்கார்ந்தார்கள். இம்முறை யோஷிதகாவின் இரண்டு விரல்கள் உள்ளே போயின. எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி முன்னால் போனது. ஓட்டியவள் தொமியே.

மாமியார் மருமகனை விலக்கிவிட்டாள், அவன் பழைய பேரோடு பிறந்த வீட்டுக்கே போய்விட்டான் என்று பொதுக் குளியலறையில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையில்லை. அவனும் வண்டியில்தான் இருந்தான். இடது இருக்கையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஆள் பாரமாக.