இடது கை நடவு

1

போன் அலறியது. காலை ஏழு மணி. நான் எழுதிக்கொண்டிருந்த வாரத் தொடரின் அத்தியாயம் பாதியில் நின்றது.

"பாபநாசத்துலேர்ந்து பேசுறேங்க. அந்தப் படத்துல தப்புன்னு ஒண்ணு எழுதியிருக்கீங்களே, அது தப்பு இல்லிங்க."

பேர் கேட்பதற்குள் வைத்துவிட்டார். இந்தக் கதை பிறந்தது அப்படித்தான்.

முந்தைய வாரம் ஒரு காதல் படத்துக்கு விமர்சனம் எழுதியிருந்தேன். வயிறு வலிக்கச் சிரித்து, இடைவேளைக்குப் பிறகு நைசாகக் கண்ணைத் துடைத்துக்கொண்ட படம். நடவு மெஷின் வைத்திருக்கும் நாயகனிடம் பந்தயம் கட்டி, நாயகி ஒரு மா வயலை, ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கை, கையாலேயே நட்டு முடிக்கும்போது தஞ்சாவூர் தியேட்டரே எழுந்து கைதட்டியது. நானும்தான். எல்லாவற்றையும் பாராட்டிவிட்டுக் கடைசியில் ஒரு குட்டு வைத்தேன்: வலது கையால் கையெழுத்துப் போடும் நாயகி, இடது கையால் நாற்று நடுகிறாள்.

(படத்தின் பேரைச் சொல்லமாட்டேன். காரணம் அடுத்த பகுதியில்.)

2

போன் செய்தவருக்கு மருதையன் என்று பேர் வைக்கிறேன். அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். மனைவி வேம்பு, நடவு வேலைக்குப் போகிறவள்.

வேம்புவின் விரல்களில் காவிரியின் ஈரம்—

வேண்டாம், கவிதையாகிவிடும். நேராகவே சொல்கிறேன். படத்தில் நடுவது வேம்புவின் கைகள். அவள் இடது கைக்காரி. நாயகிக்கு நடவு படியவில்லை. படக் கம்பெனிக்காரர்கள் வேம்புவுக்கு நாயகி போட்டிருந்த அதே வளையலை மாட்டி வயலில் இறக்கினார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று வாக்கும் வாங்கிக்கொண்டார்கள். மருதையன் அப்போது மெஷினோடு வெளியூரில் இருந்தான். திரும்பி வந்த பிறகும் அவள் வாய் திறக்கவில்லை.

3

படம் வந்தது. மருதையன் நாலு தடவை பார்த்தான். டீக்கடையில் அவனுக்கு எந்நேரமும் நாயகியின் நடவுதான் பேச்சு: வரிசை கோணவில்லை, ஒரு நாற்றுகூட மிதக்கவில்லை, அப்படி ஒரு கை இந்த ஜில்லாவிலேயே கிடையாது. கடைக்காரர் சித்தீக், ரசிகர் மன்றம் திறந்துவிடலாமா அண்ணே என்று கேலி செய்தார்.

வேம்பு இருபது வருஷமாக நடுகிறாள். நல்லா நட்டிருக்கே என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தை. இப்போது அது ஊர் முழுக்க இறைபடுகிறது, இன்னொருத்தி பேரில். தன் கைகள் மீதே அவளுக்குப் பொறாமை வந்தது.

(இத்தனை நாள் ஒருத்தி பொறுப்பாளா? எனக்கே சந்தேகம்தான். நானாக இருந்தால் முதல் ஆட்டத்திலேயே சீட்டில் ஏறி நின்று கத்தியிருப்பேன். வேம்பு என்னைவிட உசத்தி.)

4

முடிவு ஒன்று: வேம்பு உண்மையை உடைக்கிறாள். அதை அடித்துவிட்டேன், அவள் வாக்குத் தவற மாட்டாள்.

முடிவு இரண்டு: நாயகியே மேடைக்கு அழைத்து வேம்புவுக்கு மாலை போட்டு—

அது சினிமாவுக்குச் சரி.

மூன்றாவது என் வீட்டுப் போனிலேயே இருந்தது. என்னிடம் பேசி வைத்துவிட்டு மருதையன் திரும்புகிறான். பின்னால் வேம்பு.

"நாலு தடவை பாத்தது பத்தாதுன்னு, அவளுக்காகப் பத்திரிகைக்காரங்ககிட்ட சண்டை வேற போடுறீங்களா?"

அவன் பதிலைக் கேட்டு அவள் என்ன சொன்னாள், அழுதாளா, சிரித்தாளா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவன் சொன்னதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

"இடது கையப் பாத்த அன்னிக்கே தெரியும் புள்ள. நீ யாருக்கோ வாக்குக் குடுத்திருக்கே, அதான் உன்னைப் பத்திச் சொல்ல வேண்டியதை எல்லாம் அந்தப் பொண்ணு பேர்ல சொல்லிக்கிட்டுத் திரியிறேன்."