பூசையில் உட்கார்ந்த ரிமோட் கார்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சூடாகும். ஆயுத பூசை அன்று மதியம் சூடானது, மறுநாள் மதியம் வரைக்கும் ஆறவில்லை.

வடலூரில் நான் வேலை பார்க்கும் செல்போன் கடையில் படையல் முடித்து, பொரி பொட்டலத்தோடு சுரங்கக் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். கூடத்தில் வாழையிலை விரித்திருந்தது. என் கணவர் அருண்ராஜின் ஸ்பேனர்கள், மாமியாரின் தையல் மெஷின், அரிவாள்மனை. நட்ட நடுவில் என் ரிமோட் கார். சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம், நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். பக்கத்தில் என் ஸ்க்ரூ டிரைவர், எண்ணெய் பாட்டில், உதிரி டப்பா, ஒன்று விடாமல்.

பொய் சொல்வானேன், முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அதைப் 'பொம்மை' என்றே சொல்லிவந்த மனிதர் அவர்.

"இந்த வருஷம் உன் வண்டியும் சாமிக்கு" என்றார். "ஷாக்கெல்லாம் ஒரே அழுக்கு. கழட்டி டீசல்ல அலசிட்டு, புது ஆயிலு ஊத்தி வச்சிருக்கேன். பாரு, எப்படி மின்னுது."

பின்பக்கத்தை விரலால் அமுக்கினேன். இறங்கியது. எழவே இல்லை.

"இன்னா ஆயிலு ஊத்துன?"

"பைக்குக்கு வாங்குன ஃபோர்க் ஆயிலு. அதுவும் ஷாக்கு, இதுவும் ஷாக்குதான?"

அந்த வண்டியின் உயிரே, குலுக்கலைத் தாங்கும் நாலு ஷாக்கில்தான் இருக்கிறது. விரல் நீளக் குழாய், உள்ளே சிலிக்கான் எண்ணெய், ஏறி இறங்கும் தண்டு, எண்ணெய் கசியாமல் பிடித்துக்கொள்ளும் பொடி ரப்பர் வளையங்கள். எண்ணெய் கெட்டியாக இருந்தால் வண்டி துள்ளிக் கவிழும். இளகலாக இருந்தால் மேட்டிலிருந்து குதிக்கும்போது வயிறு தரையில் அடிக்கும். அந்த வளையங்களுக்கு டீசல்தான் எமன். ஊறி உப்பி, தண்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டன.

மறுநாள் விஜயதசமி. காலையில் எங்கள் பிளாக் மைதானத்துச் செம்மண் டிராக்கில் ரிமோட் கார் போட்டி. சென்னையில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகும் எங்கள் குழுவில் மிச்சமிருந்த ஒரே இடம், அதில் முதலாவது வருகிறவருக்கு. பத்து மணி வெயிலில் எண்ணெய் எவ்வளவு இளகும் என்று பார்த்து, ஊற்றி, ஓட்டி, வடித்து, மறுபடி ஊற்றி, நான் செட் செய்து வைத்திருந்த ஷாக் அது. குரங்கு கையில் கிடைத்த பூமாலை ஆகிவிட்டது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா? ஒரு போன் போட்டியா?"

"ஆசையா செஞ்சேன், இப்படிக் குதிக்கிற. நானு மைன்ஸ்ல எத்தினி பெரிய மெஷினப் பாக்குறவன்."

"பெரிய மெஷினப் பாத்துக்கினு அங்கயே கெட."

"புருஷன வா போன்றாளே" என்று மாமியார் விருத்தாம்பாள் சமையற்கட்டிலிருந்து வந்தார்.

"கேட்டுட்டுத் தொட்டிருந்தா நானும் மரியாதயா பேசுவேன், அத்தை."

இலையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுக்கக் குனிந்தேன். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பூசையில வச்சத நாளைக்குப் படையல் போட்டுட்டுத்தாம்மா எடுக்கணும். இன்னிக்குத் தொட்டா வூட்டுக்கு ஆவாது."

நாளைக்கு எடுத்தால் முடியாது. எண்ணெய் ஊற்றித் தண்டை மெல்ல மெல்ல அசைக்க வேண்டும். காற்றுக் குமிழி ஒவ்வொன்றும் மேலே வந்து உடையும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மூடினால் நாலு ஷாக்கும் நாலு விதமாக வேலை செய்யும். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அதோடு பேச்சு முடிந்துவிடும் என்று அடக்கிக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினேன்.

"இன்னிக்கு மைன்ஸ்ல பெல்ட் அறுந்தா, பூசைன்னு சும்மா வுட்டுடுவியா?"

"அது பிரேக்டவுனு. போய்த்தான ஆவணும். சாமியக் கும்புட்டுட்டு டூல்ஸ எடுப்போம்."

"இதுவும் பிரேக்டவுன்தான். நீ பண்ணது."

மாமியார் என் கையை விட்டார். இப்போது அவருடைய கோபம் மகன் மேல் திரும்பியது. "பூசையில வச்சத எடுப்பீங்களாடா? வருஷா வருஷம் நான் அரிவாள்மனையத் தொடாம, முந்தின நாளே காய் அரிஞ்சு வச்சுக்கினு கெடக்குறேன். இத்தினி நாளா சொல்லவே இல்லியே." எலுமிச்சம்பழங்களை அவரே ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டார். "சாமியக் கும்புட்டுட்டு எடும்மா."

கும்பிட்டேன். யாரைத் திட்டிக்கொண்டே கும்பிட்டேன் என்பது சாமிக்குத் தெரியும். சென்னைக்கென்று வைத்திருந்த புது வளையங்களைப் பிரித்துப் போட்டேன். குழாய்களைச் சோப்பு நீரில் கழுவி, துடைத்து, காயவைத்து, எண்ணெய் ஊற்றிக் குமிழிக்குக் காத்திருந்தேன். அருண்ராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ண நான் மாட்டட்டா?"

"கைய எடு."

எழுந்து போய்விட்டார்.

காலையில் மைதானத்துக்கு அவர்தான் பைக்கில் கொண்டுவந்து விட்டார். போட்டியில் பெரிய மேட்டில் இரண்டு வண்டிகள் கவிழ்ந்தன. என்னுடையது குதித்து, ஒருமுறை அமுங்கி, எழுந்து, நேராக ஓடியது. முதலாவதாக வந்தேன்.

போட்டியை நடத்திய கலைச்செல்வன் ஓடிவந்து என்னைத் தாண்டிப் போய் அருண்ராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அண்ணே, ஷாக் செட்டிங் பிரமாதம். மைன்ஸ் கை இல்ல? சென்னைக்கு நீங்களும் வந்துடுங்கண்ணே."

அவர் சிரித்தார். "ஏதோ, நமக்குத் தெரிஞ்சத..." என்று ஆரம்பித்தார்.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. பையில் காகிதத்தில் மடித்து வைத்திருந்த உப்பிப்போன வளையங்களை எடுத்து அவர் உள்ளங்கையில் கொட்டினேன்.

"இது இன்னான்னு தம்பிக்குச் சொல்லு."

கலைச்செல்வன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான் டீசல்ல போட்டுக் கெடுத்தது" என்றார், வாய்க்குள்ளேயே.

"எல்லாருக்கும் கேக்கட்டும்."

"நான் கெடுத்துட்டேன்பா. ஷாக்கு செட் பண்ணது முழுக்க அவதான். நான் கிட்டப் போனதுக்கே கைய எடுன்னுட்டா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கலைச்செல்வன் என் பக்கம் வந்து கையை நீட்டினான். குலுக்கினேன், கொஞ்சம் அழுத்தமாகவே.

வீட்டுக்குத் திரும்பும்போது பைக்கின் வேகத்தைக் குறைத்து, திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "வர்ற வருஷமும் வண்டியப் பூசையில வைக்கலாமில்ல?"

காது இன்னும் சூடாகத்தான் இருந்தது. மடியில் இருந்த வண்டியில் சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"வைங்க" என்றேன். "பொட்டு வைங்க, பூ வைங்க. கைய மட்டும் வைக்காதீங்க."