மூன்று டிக் பம்பரம்

பெட்டியைப் பிரித்தேன். உள்ளே இருந்தது சண்டைப் பம்பரம். இருபத்தாறு வருடத்துக்கு முன் என் அக்காவின் இடது கண்ணைப் பறித்த அதே பம்பரம், புது வர்ணம் பூசிக்கொண்டு என் மேசைக்கே வந்து சேர்ந்திருந்தது.

பொம்மைக் கம்பெனியின் பரிசோதனை அறையில் எனக்கு வேலை. குழந்தைகள் கைக்குப் போகும் எதையும் முதலில் நான் இழுப்பேன், திருகுவேன், கீழே போடுவேன். அதற்கும் தாங்கினால் கையெழுத்துப் போடுவேன். சம்பளம் வாங்கிக்கொண்டு பொம்மை உடைக்கிறவள் என்று அக்கா கேலி செய்வாள். வேறு வேலையே கிடைக்கவில்லையா என்று மட்டும் அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

மேலாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பழைய சரக்கு புது அவதாரத்தில் வருகிறது, அன்று விளையாடியவர்கள் இன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள் என்று கனவில் மிதந்தார். மேல் வளையம் ஆறு வகை, நடுவில் வைக்கும் இரும்புத் தட்டு ஆறு வகை, அடி முனை மூன்று வகை. பிடித்ததை எடுத்துக் கோத்துக்கொண்டால் நூற்றெட்டுப் பம்பரம். இரண்டு பேர் நாடாவைச் சுண்டி இழுத்து ஆளுக்கொன்றைக் கிண்ணத்தில் விட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். எது பிய்ந்து விழுகிறதோ அது தோற்றது.

சட்டென்று பிய்ந்துவிடாமல் இருக்க உள்ளே ஒரு பூட்டு உண்டு. பூட்டும்போது டிக், டிக், டிக் என்று மூன்று சத்தம் கேட்க வேண்டும். மோத மோத அது கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். கடைசியில் சுற்று ஓய்கிற நேரத்தில்தான் பிரியும் என்பதால் துண்டுகள் சும்மா பக்கத்தில் விழும்.

அன்று அப்படி விழவில்லை. எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. பம்பரத்தில் நான்தான் கில்லாடி, அவள் தோற்றுக்கொண்டே இருப்பாள். நான் ஏதோ தில்லுமுல்லு செய்கிறேன் என்று சந்தேகப்பட்டு, ஆட்டத்துக்கு முன் ஒருவர் பம்பரத்தை மற்றவர் வாங்கிப் பார்த்துத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டிருந்தாள். அன்றும் பார்த்துக் கொடுத்தாள். விட்டோம். முதல் மோதலிலேயே என் நீலப் பம்பரம் சிதறி, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவள் கண்ணில் இரும்புத் தட்டு பாய்ந்தது.

மருத்துவமனை நடையில் அப்பா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஒழுங்காகப் பூட்டினாயா என்று. மூன்று டிக் எண்ணினேன் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வருடம் அந்தப் பம்பரம் கடைகளிலேயே இல்லாமல் போனது. எங்கள் வீட்டில் மட்டும் அது சுற்றிக்கொண்டே இருந்தது. நான் பூட்டிய கதவை அம்மா ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் படுக்கமாட்டாள். நான் அணைத்த அடுப்பை யாராவது எட்டிப் பார்ப்பார்கள். திட்டவே மாட்டார்கள், அதுதான் கொடுமை. நானும் என் வீட்டுக் கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆளாக ஆகிவிட்டேன்.

ஆகவே இந்தப் பெட்டி வந்ததும் மனதுக்குள் கறுவிக்கொண்டேன். உன்னைக் கடைக்குப் போக விடமாட்டேன் என்று. மூன்று வாரம் அதைப் போட்டு வாட்டி எடுத்தேன். நூற்றெட்டு விதத்தையும் கையேட்டில் சொன்னபடி மூன்று டிக் பூட்டி, இயந்திரத்தில் மோதவிட்டேன். எல்லாம் முப்பது, நாற்பது மோதல் தாங்கின. முதல் மோதலில் ஒன்றுகூடப் பிரியவில்லை. மாதிரி அலமாரியிலிருந்து பழைய காலத்துப் பெட்டியையும் தேடி எடுத்து மோதவிட்டேன். பூட்டு அச்சு அசல் அதேதான். அதுவும் கல் மாதிரி நின்றது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று டிக் பூட்டினால் முதல் மோதலில் பிரியவே பிரியாது. அப்படியென்றால் நான் பூட்டவில்லை. எண்ணினேன், எண்ணினேன் என்று இத்தனை வருடம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். அப்பா நினைத்ததுதான் சரி. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா என் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். எப்போதும்போல இடது ஓர நாற்காலியை அவளுக்கு விட்டேன், அப்போதுதான் எல்லாரும் அவள் பார்வைக்குள் இருப்பார்கள். சாப்பாடு முடிந்ததும், கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த இரண்டு பம்பரத்தையும் கிண்ணத்தையும் எடுத்து மேசையில் வைத்து, பரிசோதனையில் கண்டதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"நான் பூட்டலைக்கா. அன்னைக்கு நான் பொய் சொல்லியிருக்கேன். என்னை மன்னிச்சிடு."

அக்காவின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது.  பிறகு ஒரு பம்பரத்தைக் காட்டிப் பூட்டச் சொன்னாள். டிக், டிக், டிக். கையை நீட்டி வாங்கினாள். வளையத்தைப் பார்க்கிறவள் போல ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். அவள் கட்டைவிரல் மட்டும் அடியில் லேசாக நகர்ந்தது. சத்தமே வரவில்லை. எதிர்ப்பக்கம் திருகினால் இந்தப் பூட்டு சத்தம் போடாது, அது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

"இப்ப விட்டுப் பாரு" என்றாள்.

காலியாகக் கிடந்த மீன் தொட்டிக்குள் கிண்ணத்தை வைத்தேன். இருவரும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டோம். அவள் மாட்டியது, மிச்சமிருக்கும் கண்ணுக்காக நான் வாங்கி வைத்தது. இரண்டு பம்பரத்தையும் விட்டுவிட்டுச் சட்டென்று மூடியைப் போட்டேன். முதல் மோதல். டங்கென்று இரும்புத் தட்டு தொட்டிக் கண்ணாடியில் அடித்து, வெள்ளையாக ஒரு விரிசல் விழுந்தது.

 விரிசலைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், மறுபடி விரிசலைப் பார்த்தேன். 

"ஒரே ஒரு தடவையாவது உன்னை ஜெயிக்கணும்னு இருந்துச்சு" என்றாள். "இப்படி ஆகும்னு தெரியாது. அப்பா உன்கிட்ட கேட்டப்போ நான் உள்ள கட்டுப் போட்டுப் படுத்திருந்தேன். வெளிய வந்து சொல்லலாம்னு நினைச்சேன். வந்தா எல்லாரும் என்னைத் தாங்கு தாங்குன்னு தாங்கினாங்க. நீயும்தான். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னே தெரியலை."

கோபம் பிறகுதான் வந்தது, வந்தபோது கொஞ்சநஞ்சமாக வரவில்லை. தொட்டியைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு அவள் பையையும் சேர்த்துச் சுமந்தது, அவள் சாலை கடக்கும்போதெல்லாம் இடது பக்கம் ஓடிப்போய் நின்றது, இந்த வேலைக்கே வந்தது எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. உனக்குக் கண் போனது, எனக்கு என்ன போனது என்று யாராவது கேட்டார்களா என்று கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஒற்றைக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துவிட என் கை தானாக எழுந்தது. பழக்கதோஷம். கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"அம்மாகிட்ட சொல்லு. இப்பவே" என்றேன்.

அவளே கைபேசியை எடுத்து, நானும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டாள். திக்கித் திணறி முழுவதையும் சொன்னாள்.  

"அப்ப சின்னவ பூட்டித்தான் இருந்தாளா?" என்று அம்மா கேட்டாள்.

"பூட்டித்தான்மா இருந்தா. மூணு டிக்கும்."

"உங்கப்பா இதைக் கேக்காமலே போயிட்டாரே" என்றாள் அம்மா. 

திங்கட்கிழமை காலை நூற்றெட்டு விதத்தையும் பூட்டைப் பின்னால் திருகிவைத்து மோதவிட்டேன். நூற்றெட்டும் முதல் மோதலிலேயே சிதறின. மேலாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கையேட்டில் இல்லாததை எதற்காகச் செய்து பார்த்தாய் என்று கேட்டார். இத்தனை வருடம் நாங்கள் எல்லாரும் செய்துவந்த தவறு அதுதான் என்றேன். கையேட்டைப் படிக்கிற குழந்தைக்காகவே சோதித்தோம், ஜெயித்தே தீர வேண்டும் என்று துடிக்கிற குழந்தையை நினைத்தே பார்க்கவில்லை. கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டுப் படிவத்தை எடுத்தேன்.

குறை தெரியவந்த விதம் என்று ஒரு கட்டம் இருந்தது. 'எதிராளி பார்வையிட வாங்கும்போது, சத்தமில்லாமல் பூட்டைத் தளர்த்த முடிகிறது. என் அக்கா செய்து காட்டினார்' என்று எழுதினேன். அடுத்த கட்டம், பயன்படுத்தியவரின் கவனக்குறைவு ஏதும் உண்டா என்று கேட்டது.  நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன்.

'இல்லை. பம்பரத்துக்கு உரியவள் சரியாகத்தான் பூட்டியிருந்தாள்.'